சோறு ஆறிப்போன கச்சேரி

எழுபதுகளில் மலேசியாவின் ஈப்போ நகரில் நாங்கள் வாடகைக்கு இருந்த வீட்டில், ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் யாரும் வாய் திறக்கக் கூடாது. சுங்காய் ரப்பர் தோட்டத்தில் என் கணவரோடு வளர்ந்த மூன்று பேர் வந்து உட்கார்ந்துவிடுவார்கள். சண்டை போட்டுப் பிரிந்த இரண்டு வெள்ளைக்கார ப்ளூஸ் ராக் கிட்டார்க்காரர்கள் மறுபடி ஒரே மேடையில் வாசித்த கச்சேரியை கேசட்டில் கேட்பார்கள். வாராவாரம் அதையேதான் கேட்பார்கள். அங்கே கூட்டம் கைதட்டினால் இங்கே இவர்களும் தட்டுவார்கள்.

அந்தக் கேசட்டும் ஒழுங்கானதில்லை. யாரிடமோ இரவல் வாங்கி, இரண்டு டேப் ரெக்கார்டர்களை எதிரெதிரே வைத்து இவர்களே பதிவு செய்தது. பதிவு ஓடுவது தெரியாமல் அடுப்படியிலிருந்து நான் எங்கள் ஊர் ‘லா’ சேர்த்துப் போட்ட சத்தம், இரண்டு கிட்டாரும் சேர்ந்து உச்சத்துக்குப் போகும் இடத்தில் விழுந்துவிட்டது: “சோறு ஆறிப் போவுது, வாங்கலா!”

அந்த இடம் வந்தால் நான்கு பேரும் திரும்பி என்னை முறைப்பார்கள். “கெடுத்துட்டீங்களே அண்ணி” என்பார் ஒருவர். பத்து வருஷம் இதைக் கேட்டேன். சமைத்துப் போட்டவளுக்குக் கிடைத்த மரியாதை!

எண்பதுகளில் அவர்களில் ஒருவர் அசல் கேசட்டையே கடையில் வாங்கி வந்தார். விட்டது சனியன் என்று நிம்மதியாகக் குழம்பை இறக்கினேன். அந்த இடம் வந்தது. கிட்டார் மட்டும் சுத்தமாகக் கேட்டது. யாருக்கும் முகம் மலரவில்லை.

“என்னமோ கொறையுதுலா” என்றார் என் கணவர்.

டேப்பைப் பின்னால் ஓட்டி மறுபடி போட்டார்கள். அதே இடத்தில் நான்கு பேரும் ஒரே குரலில் கத்தினார்கள்: “சோறு ஆறிப் போவுது, வாங்கலா!”

ஒருவர்கூட எழுந்து சாப்பிட வரவில்லை.