பஸ்ஸில் இடம் பிடிக்கப் போன பிள்ளை

என் எழுத்து கோணல்மாணலாகத்தான் இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். அஞ்சாம் வகுப்போடு நின்ற கை இது. மறதி வேறு... ஆனால் போன மாசம் நடந்ததை மறக்க முடியவில்லை.

கப்பலில் போய் வந்தேன்!

போடியில் என் தங்கச்சி மகள் சுமதியின் வீட்டுக்காரருக்கு ஏலக்காய் வியாபாரம். "அவுக கடையை விட்டு நகர மாட்டேன்னுட்டாக. டிக்கெட் வீணாப் போகும், நீங்க வாங்க பெரியம்மா" என்று சுமதி கூட்டிப்போனாள். கூடவே அவள் மகள், நாலு வயசு மித்ரா.

சென்னையில் கப்பலை அண்ணாந்து பார்த்ததில் கழுத்து வலித்தது. உள்ளே லிஃப்ட், கடைவீதி, ஆட்டம் பாட்டத்துக்கு ஒரு மேடை. உச்சியில் நீச்சல் குளம்! கடல் மேல் கப்பல், கப்பல் மேல் குளம்... இது என்ன அதிசயம்? வைகை அணையைத்தான் பெரிய தண்ணீர் என்று நினைத்திருந்தவள் நான். காலையில் எழுந்து பார்த்தால் நாலு பக்கமும் கரையே இல்லை. கம்பியை இறுகப் பிடித்துக்கொண்டு பார்த்தபடியே நின்றேன்.

ஏறியதுமே மித்ரா கையில் ஒரு பட்டி கட்டினார்கள். அதில் ஒரு நம்பர். அதே நம்பர் சுமதி கையிலும்.

"எதுக்குடி இது?"

"பிள்ளை தொலையாம இருக்கத்தான்."

"சுத்திக் கடலு. எங்கிட்டுப் போய்த் தொலையப் போறா?" என்று சிரித்தேன்.

திருகோணமலையில் கப்பல் நின்றது. மலைக் கோயிலுக்குக் கூட்டிப்போக வரிசையாக பஸ்கள் — எல்லாம் ஒரே நிறம். சுமதி பாத்ரூம் போயிருந்தாள். முன்னால் நின்ற பஸ் நிறைந்துகொண்டே வந்தது.

தேனி பஸ் ஸ்டாண்டில் கம்பம் பஸ் வந்தால் நாம் என்ன செய்வோம்? ஜன்னல் வழியாகத் துண்டைப் போடுவோம். துண்டு இல்லையென்றால்... பிள்ளையைப் போடுவோம்!

இந்த பஸ்ஸில் ஜன்னல் திறக்கவில்லை. படியேறி, முன் சீட்டில் இருந்த ஒரு வடநாட்டுப் பெண்ணின் மடியில் மித்ராவை வைத்தேன். "இடம் போட்டு வைங்க தாயி" என்றேன். அவள் சிரித்தாள். நான் சுமதியைக் கூப்பிட இறங்கினேன்.

"பிள்ளை எங்க பெரியம்மா?"

"பஸ்ல இடம் போட்டு வச்சிருக்கேன்டி."

"எந்த பஸ்ல?"

திரும்பிப் பார்த்தேன். பஸ் நின்ற இடம் காலி.

சுமதி அலறிய அலறல் இன்னும் காதில் இருக்கிறது. அந்நிய தேசம். பெயர் தெரியாத பெண். அவள் மடியில் நம் வீட்டுப் பிள்ளை!

வழிகாட்டியாக வந்த அந்த ஊர்ப் பெண் ஓடி வந்தாள். "பயப்படாதேங்கோ அம்மா. எங்கட பஸ்தான். உங்கட கையைக் காட்டுங்கோ" என்று சுமதியின் பட்டியைப் பார்த்து, வாக்கிடாக்கியில் நம்பரைச் சொன்னாள். எங்களை அடுத்த பஸ்ஸில் ஏற்றினாள். மடியில் இருந்ததால் அந்த வடநாட்டுப் பெண்ணுடைய பிள்ளை என்று பஸ்காரர்கள் நினைத்துவிட்டார்களாம்.

கோயிலடியில் அந்த வடநாட்டுப் பெண் சாமி பார்க்கப் போகாமல் பஸ்ஸிலேயே இருந்தாள். மித்ராவைச் சுற்றி அவள் கை. நான் பாய்ந்துபோய் இரண்டு கையையும் நீட்டினேன்.

தரமாட்டேன் என்று தலையை ஆட்டினாள்! பட்டி இல்லாத என் கையைச் சுட்டிக் காட்டினாள்.

வழிகாட்டிப் பெண் மித்ராவிடம் குனிந்து, "பிள்ளை, இவா உங்களுக்கு ஆர்?" என்று என்னைக் காட்டிக் கேட்டாள்.

மித்ரா உதட்டைப் பிதுக்கினாள். "தெரியாது. என்னைய விட்டுட்டுப் போயிருச்சு."

மூச்சிரைக்க ஏறிவந்த சுமதி கையை நீட்டினாள். அந்த வடநாட்டுப் பெண் தாய் கையையும் பிள்ளை கையையும் சேர்த்து வைத்து, நம்பரை ஒவ்வொன்றாகப் பார்த்தாள். அப்புறம்தான் பிடியை விட்டாள். விட்டதும் அவளே அழுதுவிட்டாள்.

எனக்குக் கோபமா? கும்பிடத் தோன்றியது. அவள் யாரென்று பார்க்காமல் நான் பிள்ளையைக் கொடுத்தேன். அவளோ எனக்கே தர மறுத்தாள்! அவ்வளவு பெரிய கப்பலையும் கடலையும் பார்த்தவளுக்கு அந்தக் கைதான் பெரிதாகத் தெரிந்தது.

ஊர் பேர், வழி எல்லாம் நான் தப்பாகச் சொல்லியிருக்கலாம். விவரம் தெரிந்தவர்கள் சரிபார்த்துக்கொள்ளுங்கள். அவள் பிடித்த பிடியை மட்டும் யாரும் சரிபார்க்க வேண்டாம்... அது சரியாகத்தான் இருந்தது.