ராகிக் குழி ஓரத்தில் நாய் இல்லை

எனக்கு எண்பத்தொன்பது வயது. ஆறு பிள்ளைகளைப் பெற்றேன், ஆறையும் வளர்த்து ஆளாக்கினேன். அந்தக் காலத்தில் அப்படிச் சொல்லக்கூடியவர்கள் எங்கள் பக்கத்தில் அதிகம் இல்லை. மூத்தவனை வளர்த்ததில் மட்டும் ஒரு நாய்க்குப் பங்கு உண்டு.

ஐம்பதுகளில் சாமல்பட்டியிலிருந்து மத்திகிரிப் பக்கம் வாழ்க்கைப்பட்டு வந்தேன். அந்த நாய் செவலைப் பெட்டை. கன்னடம் பேசும் பக்கத்து வீட்டில் பிறந்தது. கன்னடத்தில் ‘பா’ என்றால்தான் காதைத் தூக்கும். ‘வா’ என்றால் திரும்பியும் பார்க்காது. மூத்தவன் தவழத் தொடங்கியதிலிருந்து அவன் இருக்கும் இடம்தான் அதற்கும் இடம். அவன் தூங்கினால் பக்கத்தில் படுத்துக்கொள்ளும். சோற்றுக்குக் கூப்பிட்டாலும் எழுந்து வராது. நான்தான் கொண்டுபோய்ப் போட வேண்டும்.

எங்கள் வாசலில் ராகிக் குழி இருந்தது. ஆள் உயரத்துக்கு மேல் ஆழம், வாய் மட்டும் குறுகல். ராகியைக் கொட்டிக் கல்லால் மூடி மண் பூசிவிட்டால் வருடக்கணக்கில் கெடாது. ஆனால் திறந்தவுடன் யாரும் இறங்கக் கூடாது. உள்ளே அடைந்திருக்கும் காற்று ஆளைக் கொன்றுவிடும். நன்றாக ஆறப் போட்டு, விளக்கைக் கயிற்றில் கட்டி இறக்கிப் பார்ப்பார்கள். அது அணையாமல் எரிந்தால்தான் ஆள் இறங்கலாம்.

ஒருநாள் காலையில் மாமனார் குழியைத் திறந்து, கோழி விழாமலிருக்க வாயின்மேல் ஒரு சாக்கை விரித்துவிட்டுப் போனார். நான் பின்பக்கம் மாவு அரைத்துவிட்டு வந்து பார்த்தால் பிள்ளையைக் காணோம். குழி வாயில் விரித்த சாக்கும் இல்லை, உள்ளே விழுந்துவிட்டிருந்தது.

“ஐயோ, புள்ள உழுந்துட்டானே!” என்று மாமியார் மார்பில் அடித்துக்கொண்டார். என் வீட்டுக்காரர் கழனியிலிருந்து ஓடிவந்தார். குனிந்து பார்த்தால் இருட்டுதான். மாமனார் விளக்கை இறக்கினார். கொஞ்சம் இறங்கியதுமே அணைந்துபோனது. அதற்குள் என் வீட்டுக்காரர் தன் இடுப்பில் கயிற்றைக் கட்டிக்கொண்டுவிட்டார்.

“வேணாண்டா!” என்றார் மாமனார்.

“என் புள்ள உள்ள கெடக்கறான். வெளக்கப் பாத்துக்கினு நிப்பனா?”

குழியைச் சுற்றி ஊரே நின்றது. நாய் மட்டும் இல்லை. எனக்குச் சட்டென்று உறைத்தது. இரண்டு கையாலும் அவருடைய கயிற்றைப் பிடித்தேன். அதுவரை மாமனார் எதிரில் நான் வாய் திறந்ததில்லை.

“எறங்காதீங்க! நாயி இங்க இல்ல. அவன் உழுந்திருந்தா அது கத்தியே ஊரக் கூட்டியிருக்கும்.”

“நாய நம்பிப் புள்ளய வுடறயாம்மே? உனக்கு மனசா கல்லா?” என்றார் மாமியார்.

“வுடு கயித்த!” என்று இவர் உதறினார். நான் கயிற்றை மணிக்கட்டில் சுற்றிக்கொண்டேன். அவர் இறங்கினால் என்னையும் இழுத்துக்கொண்டுதான் இறங்க வேண்டும். அங்கேயே நின்று கத்தினேன்: “பா! பா!”

நாய் வரவில்லை. ஆனால் வைக்கோல் போர்ப் பக்கமிருந்து ஒரு குரைப்பு கேட்டது. மறுபடி கூப்பிட்டேன். மறுபடி ஒன்று.

எல்லோரும் ஓடினோம். மாடு தின்று குடைந்த பொந்துக்குள் மகன் சுருண்டு தூங்கிக்கொண்டிருந்தான். அவனுக்குக் குறுக்கே நாய். எங்களைப் பார்த்து வாலை ஆட்டியதே தவிர எழுந்திருக்கவில்லை.

இவர் இடுப்புக் கயிற்றோடு அங்கேயே உட்கார்ந்து அழுதார், சிரித்தார்.

“கோழி காலால சீச்சித்தான் சாக்கத் தள்ளியிருக்கு,” என்றார் மாமனார். “மருமவ கயித்த வுட்டிருந்தா என்னாவறது?”

“அவ எங்க வுடுவா? சாமல்பட்டிப் புடியாச்சே!” என்று மாமியார் மூக்கைச் சிந்திக்கொண்டே சொன்னார். அன்றைக்குக் கிண்டின களியில் முதல் உருண்டையை அவரே நாய்க்குக் கொண்டுபோனார். “தின்னு தாயி. தமிழு தெரியாட்டியும் களி தெரியுமில்ல?”

என் மணிக்கட்டில் தோல் வழன்றிருந்தது. எரிந்தது. அந்த எரிச்சல்கூட அன்று எனக்கு இதமாகத்தான் இருந்தது.

அதற்குப் பிறகு ஐந்து பிள்ளைகள் பிறந்தார்கள். என் வீட்டுக்காரர் தலை நரைத்து, பேரன் பேத்திகளோடு சண்டை போட்டுவிட்டுத்தான் போனார். எழுத்துக் கூட்டிக் கூட்டி இவ்வளவு எழுதிவிட்டேன். பேத்தியைக் கூப்பிட்டிருக்கிறேன்.

“கண்ணு, இத சத்தமா படி. உங்க தாத்தா குழில எறங்கலன்னு எழுதனனே, அந்த எடம் சரியா வந்திருக்குதான்னு நான் கேக்கணும்.”