இலவம்பஞ்சுப் பந்து

காலை ஆறு நாற்பது. ராஜபாளையத்தில் அக்கா வீட்டுக் குழாயடியில் நான் முதலில் பார்த்தது, வாளியின் அடியில் மூழ்கிக் கிடந்த மூன்று துணிப் பந்துகள்.

தொண்ணூறுகளின் தொடக்கம் அது. எல்.கே.ஜி. பிள்ளைகள் கிரிக்கெட் ஆட, பட்டால் வலிக்காத பந்து ஒன்றை அக்கா உருவாக்கியிருந்தாள். மேலே பேண்டேஜ் துணி, உள்ளே ஆஸ்பத்திரிப் பஞ்சு. பேண்டேஜ் நெய்யும் ஊரில் வேறு பஞ்சு யாருக்கும் தோன்றாது. அனுப்பிய மாதிரி பிடித்துப்போய், அதைச் செய்து விற்க உரிமம் கேட்டு மதுரைப் பொம்மைக் கம்பெனி மேலாளர் பத்து மணிக்கு வருவதாக இருந்தது. உரிமம் கொடுத்துவிட்டால் அக்கா அடுத்தவர் ரவிக்கை தைப்பதை விட்டுவிடலாம்.

வெளியூர் போகும் துணியை வெளுத்துத்தான் அனுப்புவது எங்கள் ஊர் வழக்கம். அக்காவும் பந்துகளை முந்தின நாளே சோப்பு நீரில் போட்டுவிட்டாள்.

ஒன்றை எடுத்தேன். கல்லாய்க் கனத்தது.

பேண்டேஜ் ஆலையில் வேலை பார்க்கும் அத்தான் சிரித்தார். “ஏட்டி, ரத்தத்தையே குடிக்கிற பஞ்சு அது. தண்ணிய விட்டுருமாக்கும்?”

“இதச் சொல்ல நேத்து வாய் வரலையோ? பிள்ளைக நனைச்சு எறிஞ்சா மண்டைல்லா உடையும்.” அக்கா இலவம்பஞ்சுத் தலையணை ஒன்றைப் பிரித்தாள்.

“அது என் தலகாணி!”

“உங்க தலைக்கு ஆஸ்பத்திரிப் பஞ்சு போதும்.”

மேலாளர் வந்ததும், புதிதாகத் தைத்த பந்தை அவர் கண்முன்னே வாளியில் போட்டாள். மிதந்தது. அவர் முகம் மலரவில்லை.

“ஏம்மா, ஆஸ்பத்திரிப் பஞ்சுன்னு பெட்டியில போடலாம்னுதானே முதலாளி அனுப்புனாரு? தாய்மாருக அத நம்பி வாங்குவாக. பத்திரத்துலயும் அப்படியே இருக்கட்டும்.”

அக்கா நனைந்த பழைய பந்தை அவர் கையில் வைத்தாள். அவருடைய சட்டைக் கை ஈரமானது.

“யாரும்மா பந்த நனைக்கப் போறா?”

“நானே நனைச்சிட்டேன் சார். மூணு வயசுப் பிள்ள நனைக்காதா? இலவம்பஞ்சுன்னு எழுதுங்க, கையெழுத்துப் போடுதேன். இல்லாட்டி காப்பி குடிச்சிட்டுப் போங்க.”

அத்தான் நாற்காலியின் நுனிக்கு வந்துவிட்டார். காப்பி ஆறிய பிறகுதான் மேலாளர் பேனாவைத் திறந்தார். பத்திரத்தில் ஒரு சொல்லை அடித்து, மேலே வேறொன்று எழுதினார். அக்கா கையெழுத்திட்டாள்.

அடுத்த ஆண்டு பந்து ஸ்ரீவில்லிபுத்தூர் கடைகளுக்கு வந்தது. உள்ளே எந்தப் பஞ்சு என்று பெட்டியில் அச்சிட்டிருக்கவில்லை.