சின்னராசுவின் இன்னொரு சுற்று

ஜவ்வாது மலையில் ஓடும் எந்தக் காரானாலும் அதன் அடிவயிற்றில் என்ன கோளாறு என்று குனிந்து பார்க்காமலே சொல்லிவிடுவேன். மிகைதான், ஒப்புக்கொள்கிறேன். நான் பார்த்தது ஒரே ஒரு காரின் அடிவயிறு. அதுவும் டார்ச் பிடிக்க வேறு ஆள் கிடைக்காததால். அந்தக் கார் பக்கத்து வீட்டுச் சின்னராசுவினுடையது.

சின்னராசுவுக்கு அறுபத்தாறு வயது. சாமை விதைப்பார், புளி உலுக்குவார், தேன் எடுப்பார். ஐந்து வருடத்துக்கு முன் ஒரு பழைய வெள்ளைக் கார் வாங்கினார். பஸ்ஸைத் தவறவிட்டவர்களைக் கீழே கொண்டுபோய் இறக்கிவிடுவார். எதையும் இறுக்காமல் விட மாட்டார். மலைப்பாதையில் தளர்வாகக் கட்டிய புளி மூட்டை வீடு வந்து சேராது என்று சின்ன வயதில் கற்றதை எல்லாவற்றுக்கும் வைத்துக்கொண்டார். அவர் கயிறு கட்டிய கட்டிலில் பூனை குதித்தால் கூரையில் போய் இடிக்கும்.

மனைவி மாதம்மாளையும் இரண்டு வருடமாக அப்படித்தான் இறுக்கிக்கொண்டிருந்தார். அவளுக்கு வலது கண்ணில் புரை. வேலூரில் ஆபரேஷனுக்கு இரண்டு முறை நாள் வாங்கியும் அவள் போகவில்லை. ஒரு முறை ஆடு குட்டி போட்டது, இன்னொரு முறை மழை. சாப்பிடும்போது கண், படுக்கும்போது கண் என்று அவர் சொல்லச் சொல்ல அவள் விறைத்துக்கொண்டாள். மூன்றாவது முறையாக வாங்கிய நாள் மாசி மாதத்தில் ஒரு வியாழக்கிழமை. காலை எட்டு மணிக்கு அங்கே இருக்க வேண்டும். அந்நேரத்துக்குப் போய்ச் சேர பஸ் கிடையாது, கார்தான். இதுவும் தவறினால் இனிமேல் யாரும் என்னைக் கேட்கக் கூடாது என்று மாதம்மாள் தீர்மானமாகச் சொல்லிவிட்டாள். சாக்கெல்லாம் தீர்ந்துபோய்ப் புதியதொன்றுக்காகக் காத்திருந்தாள்.

அது புதன்கிழமை காலையில் கிடைத்தது. தூரமாகப் போவதற்கு முன் ஆயில் மாற்றிவிடலாம் என்று சின்னராசு காருக்கு அடியில் புகுந்தார். எஞ்சினுக்குக் கீழே ஆயில் தங்கும் சேம்பர் இருக்கிறது. அதன் அடியில் பழைய ஆயிலை வடிக்க ஒரு போல்ட். வடித்த பிறகு அதைத் திரும்ப முடுக்க வேண்டும். மலை ரோட்டில் குலுங்கி விழுந்துவிடும் என்று, ஸ்பேனரில் இரும்புக் குழாயைச் சொருகி இன்னொரு சுற்று சுற்றுவது அவர் வழக்கம். போல்ட் இரும்பு, சேம்பரோ அலுமினியம். ஐந்து வருடம் பொறுத்த சேம்பர் ஓட்டையின் மரை அன்றைக்கு உதிர்ந்தது. திருகத் திருகப் போல்ட் சும்மா சுற்றியது.

எது ஒழுகினாலும் எங்கள் மலையில் தேன்மெழுகுதான். போல்ட்டில் நூலைச் சுற்றி, மெழுகை அப்பி, அழுத்திச் சொருகிவிட்டுப் புது ஆயிலை ஊற்றினார். ஒழுகவில்லை. வண்டியைக் கிளப்பினார். ஆயில் சூடேற, மெழுகு உருகிப் போல்ட் கீழே விழுந்தது. பின்னாலேயே ஆயில் அத்தனையும். அவசரமாக எஞ்சினை நிறுத்தினார். தேன் வாசனைக்கு மலைக்குக் கீழே இருக்கும் போளூர் எறும்புகள்கூட வரிசை கட்டி வந்தன.

மாதம்மாள் வெளியே வந்து பார்த்தாள். முகத்தில் திருவிழாக் களை.

"வண்டியே வேணாம்னு சொல்லுது. நான் இன்னா பண்ணட்டும்?" என்றுவிட்டுச் சாமை புடைக்கப் போனாள்.

சின்னராசு சந்தவாசலில் பட்டறை வைத்திருக்கும் கோபால்சாமிக்குப் போன் போட்டார். மதியச் சாப்பாட்டு நேரத்துக்கு அவர் மோட்டார் சைக்கிளில் மலையேறி வந்து, முதலில் போல்ட்டை எடுத்து முகர்ந்தார்.

"இன்னாண்ணா, எஞ்சினுக்குள்ள தேனீ வளக்கறீங்களா?"

கொஞ்சம் பெரிய போல்ட் ஒன்றும், அதற்கேற்ற புது மரை வெட்டும் டேப் என்ற கருவி ஒன்றும் கொண்டுவந்திருந்தார். டேப்பின் பள்ளங்களில் கிரீஸ் தடவினார். வெட்டுகிற துகள் உள்ளே போகாமல் அதில் ஒட்டிக்கொள்ளுமாம். அரைச் சுற்று முன்னே, கால் சுற்று பின்னே, வெளியே எடுத்துத் துடைத்து மறுபடியும் அப்படியே. நான் டார்ச் பிடித்தேன். முடிந்ததா என்று சின்னராசு பதினேழு முறை கேட்டார். மிச்சத் துகளும் வெளியேறக் கொஞ்சம் பழைய ஆயிலை வடிகட்டி ஊற்றி அலசினார் கோபால்சாமி. பிறகு புது காப்பர் வாஷர் போட்டு, போல்ட்டை விரலாலேயே ஏற்றி, கடைசியில் ஸ்பேனரால் ஒரே ஒரு அழுத்து.

சின்னராசுவின் கை தானாகவே இரும்புக் குழாயைத் தேடியது. கோபால்சாமி அதை இழுத்துத் தொடைக்கு அடியில் போட்டுக்கொண்டார்.

"போதும்ணா, புடிச்சிக்கிச்சி. இன்னும் இறுக்குனீங்கன்னா இதுவும் போயிடும். வுட்டுடுங்க."

கோபால்சாமி கொண்டுவந்த புது ஆயிலை ஊற்றி அரை மணி நேரம் எஞ்சினை ஓடவிட்டோம். அடியில் விரித்த தாளில் ஒரு கறைகூட இல்லை.

அன்று சாயங்காலம் சின்னராசு கண்ணைப் பற்றிப் பேச்செடுக்கவே இல்லை. களியைத் தின்றுவிட்டுப் படுத்துவிட்டார். சண்டைக்குத் தயாராக இருந்த மாதம்மாள் தவித்துப்போய் என்னிடம் வந்தாள்.

"அந்தாளு ஒண்ணுமே கேக்கலயே. அப்ப யாரு முடிவு பண்றது?"

முனகிக்கொண்டே போனாள்.

விடியற்காலையில் சின்னராசு வண்டியைத் துடைக்க வந்தபோது, மாதம்மாள் முன்சீட்டில் மஞ்சள் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். வழியில் கணியம்பாடியில் டீ வாங்கித் தர வேண்டும் என்பது ஒன்றுதான் நிபந்தனை.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. இப்போது அவள் எதிர்மலையில் மேயும் ஆட்டின் காதிலிருக்கும் உண்ணியைக்கூட எண்ணுகிறாள். அந்தக் காரும் இந்த இரண்டு மாதத்தில் ஒரு சொட்டு ஆயில் சிந்தவில்லை என்று இந்தக் கதையை எழுதி முடித்து, பக்கத்தில் புளியங்கொட்டை எடுத்துக்கொண்டிருந்த மாதம்மாளுக்குப் படித்துக் காட்டினேன்.

"மூணு சொட்டு," என்றாள் அவள், தலை நிமிராமல். "கட்டு அவுத்துட்டு ஆஸ்பத்திரிய வுட்டு வெளிய வந்ததும் வண்டிக்கு அடியில நான் மொதல்ல பாத்ததே அதான். அந்தாளுகிட்ட சொல்லல. சொன்னா முடுக்கக் கெளம்பிடுவாரு."