ஐஸ் பெட்டிப் பரந்தாமன்

கோவில்பதாகைப் பரந்தாமன் கல்லூரி வேதியியல் ஆய்வகத்தில் உதவியாளர். 1987 மே மாதம் முழுக்க, ஆவடி மீன் மார்க்கெட்டில் ஐஸ் வாங்கிப் பெட்டியில் அடைத்து ரயில் ஏறினார்.

"இன்னா நைனா, வஞ்சிரமா?" என்று மூக்கைப் பொத்துவாள் அதே ரயிலில் வரும் பூக்காரி சொர்ணம்.

"மீன் இல்லம்மா, வெறும் ஐஸு. காலேஜுல மஞ்ச உப்பு கீது, அதுக்கு. பம்பாய் அணு உலையில நியூட்ரான் அடி வாங்கினு வந்துகீது. அடிச்ச அடில குரோமியம் அணுங்க கட்ட அறுத்துகினு ஓடிப்போச்சு. சூடு காட்டினா திரும்பி ஊட்டுக்கு வருது. எத்தினி வருதுன்னு எங்க மேடம் எண்ணுறாங்கோ."

"அப்ப ஐஸு எதுக்கு?"

"மேடம் எண்றதுக்கு முன்னாடி இந்த வெயிலுக்கே ஊட்டுக்குக் கெளம்பிடுமே! ஆய்வக ஃபிரிட்ஜ் செத்துப்போச்சு."

மேடம் என்பது ஆராய்ச்சி மாணவி வனஜா. நாலு குழாய் உப்பை வெவ்வேறு நேரம் சூடாக்கி எண்ணியாயிற்று. கடைசிக் குழாய்க்கு நூற்றைம்பது டிகிரியில் ஒரு மணி நேரம். அது கெட்டால் வேறு உப்பு கிடையாது. ஆய்வேடு அங்கேயே நிற்கும். 'திறக்கக் கூடாது' என்று ஓவனில் சீட்டு ஒட்டிவிட்டு அடுத்த அறைக்குப் போனாள்.

நாற்பதாவது நிமிடம் கரண்ட் போனது. பரந்தாமன் சீட்டைப் பார்த்தார், கடிகாரத்தைப் பார்த்தார். கதவைத் திறந்து, இடுக்கியால் குழாயை எடுத்து ஐஸில் செருகினார்.

ஓடிவந்த வனஜா கத்தினாள். "ஒரு மணி நேரம்னு எழுதியிருக்கேனே! ஏன் திறந்தீங்க?"

"ஓவன் ஆற ஆற அது எவ்ளோ சூடு பட்டுச்சுன்னு யாரு சொல்லுவா மேடம்? இப்போ கரீட்டா நாப்பது. ஐஸுல அப்படியே நின்னுகினு இருக்கும். கரண்ட் வந்தா மிச்சம் இருவத வெச்சிக்கலாம்."

 வனஜா நாற்காலியை இழுத்து, ஐஸ் பெட்டி பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டாள்.

மூன்று மணி நேரம் கழித்துத்தான் கரண்ட் வந்தது. ஐஸில் பாதி தண்ணீராகியிருந்தது. இருபது நிமிடம் சூடாக்கி, கரைத்து, பிரித்து, எண்ணினாள். அவள் வரைபடத்தில், முதல் குழாய்களில் மளமளவென்று ஏறிய கோடு, பிறகு மெல்லப் படுத்திருந்தது. ஐந்தாவது புள்ளியும் அந்தக் கோட்டிலேயே உட்கார்ந்தது.

"மிச்சம் பேரு வரலியா மேடம்?"

"இந்தச் சூட்டுக்கு வர வேண்டியவங்க வந்தாச்சு, பரந்தாமண்ணே."

நோட்டில் எழுதினாள்: 'நாற்பது நிமிடம், ஐஸ், இருபது நிமிடம். ஐஸில் வைத்தவர் பரந்தாமன்.'

சாயங்கால ரயிலில் சொர்ணம் காலிப் பெட்டியை எட்டிப் பார்த்தாள்.

"எல்லாம் வித்துச்சா நைனா?"

"வித்துச்சும்மா," என்றார் பரந்தாமன். "நாளைக்கு ஐஸு வேணாம்."