லண்டன் பெட்டி அளந்த மூளை

தொலைக்காட்சியில் வந்த அந்தக் கேள்விப் போட்டியைக் கொம்பியூட்டர் விளையாட்டாக்கியவன் யாரென்று எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் ஒரு கடிதமாவது போட்டிருப்பேன். அதில் நல்ல வார்த்தை ஒன்றும் இருந்திராது.

யாழ்ப்பாணத்துக்குப் பண்ணைப் பாலத்தால் பஸ் ஓடிய காலம். தீவுப்பக்கம் சரவணையில் எங்கள் வீட்டில் மின்சாரமும் இருந்தது, லண்டனிலிருந்து பெரியண்ணை அனுப்பிய வீடியோ டெக்கும் இருந்தது. அவர் படக் கசற் அனுப்பும்போது மிச்ச நாடாவில் அந்த ஊர்க் கேள்விப் போட்டியைப் பதிந்துவிடுவார். படம் முடிந்ததும் நாங்கள் எழும்பிவிடுவோம். தங்கச்சி மட்டும் எழும்பமாட்டாள். போட்டி நடத்துகிற நரைத்த தலைக்காரர் கேள்வியை முடிக்க முதலே அவளிடமிருந்து விடை வந்துவிடும். ஆறுகள், கோள்கள், அமிலங்கள், எந்தப் பூச்சிக்கு எத்தனை கால் என்று எதைக் கேட்டாலும் சொல்லுவாள். அவளுக்கு இங்கிலிஷ் வந்ததே அந்தக் கசற்றுகளால்தான். நான் பின்னாலிருந்து அவளுடைய பின்னலைக் கதிரையில் முடிந்துகொண்டிருப்பேன். ஓ.எல். பரீட்சையில் நான் இரண்டு தரம் கவிழ்ந்தவன். அவள் முதல் தரத்திலேயே எல்லாப் பாடமும் சித்தி. அந்த எரிச்சலில் அவளுக்குப் ‘புரபசர்’ என்று பட்டம் வைத்திருந்தேன்.

புரபசருக்கு அடுத்த ஏ.எல். வகுப்பில் விஞ்ஞானம் படிக்க ஆசை. எங்கள் பள்ளிக்கூடத்தில் கலைப்பிரிவு மட்டும்தான். யாழ்ப்பாணத்தில் சின்னம்மா வீட்டில் நின்று படிக்க வேண்டும். சின்னம்மா வரச் சொல்லிவிட்டார். ஐயாதான் ஓம் என்றும் சொல்லவில்லை, இல்லையென்றும் சொல்லவில்லை. வெங்காயத் தோட்டத்துக்குப் போவார், வருவார், காலம் சரியில்லை என்பார்.

அந்த நேரம் பார்த்துத்தான் பெரியண்ணை ஒரு ஆள் மூலம் கறுப்புக் கொம்பியூட்டர்ப் பெட்டி ஒன்றை அனுப்பினார். அதை ரிவியோடும் ரேப் ரெக்கோடரோடும் பொருத்த வேண்டும். கூடவே ஒரு கசற். அதே போட்டிதான், இனி வீட்டிலேயே விளையாடலாம், பிள்ளைகளின் மூளையை அளக்கலாம் என்று எழுதியிருந்தார். ஐயா கடிதத்தில் அந்தக் கடைசி வரியைப் பிடித்துக்கொண்டார். தங்கச்சியைக் கூப்பிட்டு, ஞாயிற்றுக்கிழமை அவள் விளையாட வேண்டும், இருபது கேள்வியில் பதினைந்து சரிவந்தால் யாழ்ப்பாணம் போகலாம் என்றார். அதுவரைக்கும் அவள் பெட்டியைத் தொடக்கூடாது. பரீட்சைத் தாளை முதலே காட்டுவார்களோ என்று கேட்டார். தங்கச்சி சிரித்துக்கொண்டு சம்மதித்தாள். பதினைந்து என்ன, இருபதும் எடுப்பாள் என்றுதான் நானும் நினைத்தேன்.

பெட்டியைப் பொருத்திப் பார்க்கிற வேலை எனக்கு. கசற்றைப் போட்டால் ஐந்தாறு நிமிடம் கோழியைத் திருகுகிற சத்தம். பிறகுதான் படம் வரும். அது படமா? நரைத்த தலைக்காரர் ஆறு சதுரக் கட்டியாகி நின்றார். வாய் திறந்து மூடியது, குரல் இல்லை. விடை சரியோ பிழையோ ஒரே ‘பீப்’தான், ஓரத்தில் புள்ளி ஏறினால்தான் சரியென்று தெரியும். கேள்வி எழுத்தெழுத்தாக ஊர்ந்து வரும். அது முடிகிறபோது விடை சொல்ல நாலு விநாடி இருக்கும். கீழே வருகிற நாலு விடையில் ஒன்றின் இலக்கத்தை அமத்த வேண்டும். கேள்விகளில் ஆறும் இல்லை, கோளும் இல்லை. அவர்களுடைய ஊர்ப் பந்தாட்டம், குதிரையோட்டம், அவர்கள் பார்க்கிற நாடகத்தில் கடை வைத்திருக்கிற மனுசியின் பெயர்.

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. ஆனால் மூன்றாம் தரம் போட்டபோது ஒன்று பிடிபட்டது. எப்போது போட்டாலும் அதே இருபது கேள்வி, அதே வரிசை. நாலு நாள் பின்னேரங்களில் கண்டபடி அமத்தி அமத்தி விடை இலக்கங்கள் இருபதையும் பாடமாக்கிவிட்டேன். தங்கச்சிக்குச் சொல்லவில்லை. அவள் இருபது எடுத்து நிமிர்ந்து நிற்கையில் நானும் இருபது எடுத்து அவள் முகம் போகிற போக்கைப் பார்க்க வேண்டும். என் திட்டம் அவ்வளவுதான்.

ஞாயிறு மத்தியானம் சாப்பாடு முடிய ஐயா கதிரையை இழுத்துப் போட்டு ரிவிக்கு முன்னால் இருந்தார். அம்மா குசினி வாசலில் நின்றார். முதல் கேள்வி ஊர்ந்து முடிய, தங்கச்சி வாசித்து முடிக்க, நேரம் போய்விட்டது. இரண்டாவதும் அப்படியே. பிறகு வேகமாக வாசித்தாள். வாசித்து என்ன? எந்தக் குதிரை வென்றது என்று சரவணையில் யாருக்குத் தெரியும்? எழும்பிச் சொல்லிவிடலாம் என்று நினைத்தேன். சொல்லவில்லை. கடைசியில் ஏழு. சதுரத் தலையர் வாயைத் திறந்து மூடினார்.

ஐயா எழும்பினார். அவரை மறித்து இருத்தி, கசற்றைச் சுற்றித் திரும்பப் போட்டேன். பெட்டி எவ்வளவு மொக்கென்று காட்டத்தான். ஒவ்வொரு கேள்வியும் ஊர்ந்து முடிய முதல், ரிவிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு இலக்கங்களை அமத்தினேன். இருபதுக்கு இருபது.

ஐயாவின் முகம் மலர்ந்ததை அன்றைக்குத்தான் கண்டேன்.

“இவனுக்கு மூளை இருந்திருக்கு,” என்றார் அம்மாவிடம். “நாங்கள்தான் கவனிக்கேல்லை.”

“ஐயா, எனக்கு ஒரு கேள்வியும் விளங்கேல்லை. நம்பரைப் பாடமாக்கினனான்.”

“பாடமாக்கிறதுதானேடா படிப்பு.”

திரும்பத் திரும்பச் சொன்னேன். பகிடி விடாதை என்றார். பிறந்ததிலிருந்து பகிடி விட்டவனுடைய உண்மையை யார் எடுப்பது?

தங்கச்சி அழவில்லை. பெட்டியின் வயர்களைக் கழற்றிச் சுருட்டியபடி கேட்டாள்.

“அண்ணை, உனக்கு முதலே தெரியுமெண்டால் எனக்கு ஏன் சொல்லேல்லை?”

நான் குனிந்து ரேப் ரெக்கோடரிலிருந்து கசற்றை எடுத்தேன்.

அடுத்த மாதம் யாழ்ப்பாணத்தில் ரியூசன் கொடுக்கிற ஒரு ரியூட்டரியில் சேர்ந்தது நான். ஓ.எல்.லை மூன்றாம் தரம் எடுக்கவாம். விடிய பஸ் ஏறுவேன், கரும்பலகையில் உள்ளதை விளங்காமலே கொப்பியில் இறக்குவேன், வீட்டுக்கு வந்து தங்கச்சியிடம் கொடுப்பேன். அவள் எப்போதோ சித்தியடைந்த பாடங்கள்தான், என்றாலும் விளக்கடியில் இருந்து வாசிப்பாள். ஒருநாள் பக்க ஓரத்தில் பென்சிலால் கணக்கொன்றைத் திருத்தி, வாத்தியார் பிழை விட்டிருக்கிறார், கேட்டுப்பார் என்றாள். கேட்டேன். வாத்தியார் பலகையைப் பார்த்தார், கொப்பியைப் பார்த்தார், பிறகு என் தோளில் தட்டி, இவனைப் பார்த்துப் படியுங்கோ என்றார் மற்றவர்களிடம். நானில்லை, என்ர தங்கச்சி என்றேன். வகுப்பு முழுக்கச் சிரித்தது.

அன்றிரவு ஐயா, அவள் கையில் என் கொப்பியைக் கண்டுவிட்டார்.

“அவன் படிக்கிறதைக் குழப்பாதை. குடு அவனிட்டை.”

அவள் கொடுத்தாள். நான் வாங்கவில்லை. நாளையிலிருந்து நான் பஸ் ஏறமாட்டேன், அனுப்புவதென்றால் இவளை அனுப்புங்கோ, ஏலாதெண்டால் ஒருத்தரையும் அனுப்ப வேண்டாம் என்று கத்தினேன். ஐயாவுக்கு முன்னால் நான் கத்தியது அதுதான் முதல் தரம். அவர் யோசித்தார். கடைசியில் ஒருத்தரையும் அனுப்பவில்லை.

தங்கச்சி எங்கள் பள்ளிக்கூடத்திலேயே கலைப்பிரிவில் சேர்ந்தாள். முதல் தவணையில் அவள்தான் முதலாம் பிள்ளை. ஐயா அந்த றிப்போட்டில் கையெழுத்து வைத்துவிட்டு, பார், இங்கையும் படிக்கலாம்தானே என்றார்.