கேள்வி கேட்காத ஹிக்மத்

பாக்தாத் சோதனைச் சாவடியில் கார்க் கண்ணாடியை இறக்கும்போதே ஹிக்மத் ஆரம்பித்துவிடுவார். "பேரு ஹிக்மத். அம்மா பேரு நஜீபா. கர்ராதாவிலேர்ந்து வர்றேன், சினாஆ தெருவுல இருக்கற என் கடைக்குப் போறேன். பையில சிடி. துப்பாக்கி இல்ல. டிக்கியில ஒரு சாக்கு, அதுல டீ போடற கரி." இதையெல்லாம் கேட்பதற்கென்றே வெயிலில் நிற்கும் சிப்பாய் கஹ்தானுக்கு வேலையே இல்லாமல் போய்விடுகிறது. கேட்காமலே பதில் சொல்கிறவரைப் பார்த்தால் யாருக்கும் சந்தேகம் வரும். கஹ்தான் காரை ஓரங்கட்டச் சொல்லி, கரிச் சாக்கை அவிழ்த்துக் கொட்டச் சொல்வார். வாரத்தில் இரண்டு நாளாவது இது நடக்கிறது. பக்கத்து இருக்கையில் ஓசிப் பயணம் போகிற பாவத்துக்கு நானும் கரி பொறுக்கியிருக்கிறேன்.

சினாஆ தெருவில் அவர் கடைக்கு எதிர்க்கடை என்னுடையது. நான் பிரிண்டருக்கு மை நிரப்புகிறேன். அவர் சிடி செய்கிறார். பாட்டு சிடி அல்ல. கம்ப்யூட்டரில் விண்டோஸ் ஏற்றுகிற சிடி. சாதாரண சிடியைப் போட்டால் அது பெண் பார்க்க வந்த வீட்டார் மாதிரி வரிசையாக விசாரிக்கும். எந்த மொழி, எந்த நாடு, மணி என்ன, உன் பெயர் என்ன, எந்த டிஸ்கில் ஏற்றுவது? ஹிக்மத் இத்தனைக்கும் பதிலை முன்கூட்டியே ஒரு சின்னக் கோப்பில் எழுதி, சிடிக்குள் சேர்த்துவிடுகிறார். போட்டுவிட்டுப் போகலாம். திரும்பி வரும்போது வேலை முடிந்திருக்கும்.

"கம்ப்யூட்டர் என்ன உன் மாமியாரா? எதுக்கு நொய்நொய்னு கேக்கணும்?" என்பார்.

சோம்பேறித்தனம் என்று நினைக்க வேண்டாம். எங்களுக்கு அரசாங்கக் கரண்ட் வரும், போகும். எப்போது போகும் என்பது அதை அனுப்புகிறவருக்கும் தெரியாது. கம்ப்யூட்டர் ஒரு கேள்வியைக் கேட்டுவிட்டுக் காத்திருக்கும்போது வீட்டுக்காரர் சந்துமுனையில் அரட்டை அடித்துக்கொண்டிருந்தால், அதற்குள் கரண்ட் போய்விடும். மறுபடியும் முதலிலிருந்து. ஹிக்மத்தின் சிடி இருபத்திரண்டு நிமிடத்தில் முடிக்கும். அவர் கணக்கில் மூன்று டீ. அந்த இருபத்திரண்டுக்காக அவர் எதையும் வெட்டுவார். சிடியிலிருந்த சீட்டாட்டத்தை வெட்டினார், தெருவே திரண்டு வந்து சண்டை போட்டதால் திரும்பச் சேர்த்தார். பிரிண்டர் சமாச்சாரத்தை வெட்டினார். "இந்தக் காலத்துல யாருய்யா அச்சடிக்கிறா?" என்று என் முகத்துக்கு நேரே கேட்டார். நான் ஒரு வாரம் பேசவில்லை. அவர் கவனித்ததாகவே தெரியவில்லை.

பெயர் கேட்கிற இடத்தில் அவர் தன் பெயரையே எழுதி வைத்திருப்பதால், பாக்தாத்தில் பாதிக் கம்ப்யூட்டர்கள் காலையில் "வருக ஹிக்மத்" என்றுதான் விழிக்கின்றன. புதிதாகக் கல்யாணமான ஒருவர் கொதித்துக்கொண்டு வந்தார்.

"எவன்யா ஹிக்மத்? என் பொண்டாட்டி கம்ப்யூட்டர்ல உன் பேரு எதுக்கு?"

ஹிக்மத் சமூன் ரொட்டியைப் பிட்டு மாங்காய் அம்பாவில் தோய்த்தபடி, "எல்லார் பொண்டாட்டி கம்ப்யூட்டர்லயும் இருக்கு கண்ணு" என்றார். விலக்கிவிட நாங்கள் நான்கு பேர் தேவைப்பட்டோம்.

ஒவ்வொரு சிடியின்மேலும் கறுப்புப் பேனாவால் எண்ணும் ஒரு வார்த்தையும் எழுதுவார். போன வசந்த காலத்தில் விற்றது "13 - கேட்காது".

அந்தப் பதின்மூன்றுதான் அவரைக் கவிழ்த்தது. அபூ கனான் என்று ஒரு புறாக்காரர். மொட்டைமாடியில் நானூறு புறா வளர்க்கிறார். புழுதிப் புயல் அடித்த மறுநாள் இந்த ஊரில் எல்லோரும் செய்வதை அவரும் செய்தார். கம்ப்யூட்டர் பெட்டியை மாடிக்குத் தூக்கிப்போய், மூடியைக் கழற்றி, புழுதியை ஊதித் தள்ளி, கழன்ற வயர்களைக் கைக்கு வந்த துளையில் செருகினார். உள்ளே இரண்டு டிஸ்க். ஒன்றில் விண்டோஸ், இன்னொன்றில் புறாக்கள். இரண்டும் இடம் மாறிவிட்டன. பெட்டி கிளம்பவில்லை. அவர் பதின்மூன்றைப் போட்டுவிட்டு இரை வைக்கப் போனார். முதல் டிஸ்கைத் துடைக்கச் சொல்லி அதில் எழுதியிருந்தது. இடம் மாறி முதலில் நின்ற புறாக்களைத் துடைத்துவிட்டது.

பெட்டியை ஒரு கையிலும் கூண்டை ஒரு கையிலும் தூக்கிக்கொண்டு வந்தார்.

"பதினோரு வருஷம் எழுதினது உஸ்தாத். எது எதோட குஞ்சு, எதுக்கு எது ஜோடி, ஒவ்வொண்ணுக்கும் படம். எல்லாம் போச்சு. உன் சிடி என்னைய ஒரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாதா?"

"கேக்காதுன்னு அதுமேலயே எழுதியிருக்கேனே" என்றார் ஹிக்மத்.

"இப்ப ஜோடி சேக்கற நேரம். யாரு யாருக்கு அண்ணன், யாரு யாருக்குப் பொண்டாட்டின்னே தெரியல. அண்ணன் தங்கச்சிய ஒரே கூண்டுல போட்டா என் பரம்பரையே நொண்டியாப் போயிடும்." அவர் கூண்டைத் தூக்கிக் காட்டினார். "இது ரெண்டும் நேத்துலேர்ந்து கொஞ்சிக்கிட்டு இருக்கு. நான் பிரிக்கணுமா, வாழ்த்தணுமா? நீயே சொல்லு."

ஹிக்மத்துக்குப் பதில் இல்லை. பதினைந்து வருடப் பழக்கத்தில் நான் முதன்முறையாகப் பார்த்தது அது. எனக்குச் சிரிப்பு வந்தது. அவர் முகத்தைப் பார்த்ததும் அது நின்றுவிட்டது.

கடையைப் பாதி இறக்கிவிட்டு, அழிந்த டிஸ்கை ஒன்பது நாள் துழாவினார். படங்கள் வந்தன, அறுநூற்றுப் பதின்மூன்று. பெயர்கள் வரவில்லை. எல்லாப் புறாவும் வெறும் எண்ணாக வந்து நின்றது. அபூ கனானின் தலைக்குள் மட்டுந்தான் மீதி இருந்தது. அதை வெளியே எடுக்க ஒரே வழி கேட்பது.

கேட்டார். ஒரு மாதம், தினமும் மதியம். கேள்வியையே ஊரிலிருந்து ஒழிக்கப் புறப்பட்ட மனிதர், திரையைக் காட்டி, "இது யாரு? அப்பா யாரு? அம்மா யாரு?" என்று கேட்டுக் கேட்டுத் தட்டினார். என் கடைக்குக் கேட்கும்.

"இவன் அந்தச் சிவப்பு வால்காரனோட ரெண்டாவது பையன்."

"முதல் பையன்?"

"சாமர்ராவுல பந்தயத்துக்குப் பறக்கவிட்டேன், திரும்பி வரவே இல்ல."

"ஏன் வரல?"

அந்தக் கடைசிக் கேள்வி கோப்புக்குத் தேவையில்லாதது. அபூ கனான் அதற்கு அரை மணி நேரம் பதில் சொன்னார். ஹிக்மத் தட்டுவதை நிறுத்திவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார். கூண்டில் கொஞ்சியவை பெரியப்பா பிள்ளையும் சித்தப்பா பிள்ளையும் என்று தெரியவந்தது. எங்கள் ஊரில் அது நல்ல சம்பந்தம்தான். ஆனால் எல்லாவற்றுக்கும் மூத்த சாம்பல் நிறப் பெட்டையின் படம் மட்டும் கிடைக்கவில்லை. செத்து ஏழு வருடமாகிவிட்ட பறவை. "அதுக்கு இருந்ததே அந்த ஒரு படந்தான்" என்றார் அபூ கனான். திட்டியிருந்தால் ஹிக்மத்துக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

அதற்குப் பிறகு வந்தது "14 - ஒண்ணு கேக்கும்". வாடிக்கையாளர்கள் முணுமுணுத்தார்கள். கரண்ட் போய்விட்டால் யார் பொறுப்பு என்றார்கள். அவர் கேள்வியை முதல் நிமிடத்திலேயே வைத்துவிட்டார், ஆள் பக்கத்தில் இருக்கும்போதே. எந்த டிஸ்க், எவ்வளவு நிரம்பியிருக்கிறது என்று காட்டி, "இதிலுள்ளது எல்லாம் போய்விடும். சரியா?" என்று கேட்டு நிற்கும். இப்போது இருபத்திமூன்று நிமிடம் ஆகிறது. கூடிப்போன அந்த ஒரு நிமிடம் அவருக்கு உள்ளூர வலிக்கிறது. டீயை ஊதாமல் குடித்து அதை ஈடுகட்டப் பார்க்கிறார்.

போன வாரம் சீருடை இல்லாமல் ஒரு மடிக்கணினியோடு கஹ்தான் வந்தார். சாவடிச் சிப்பாயேதான். உட்காருவதற்கு முன்பே ஒப்பித்தார். "பழைய கம்ப்யூட்டர். பேட்டரி நிக்காது. வைரஸ். உள்ள ஒண்ணுமில்ல. அழிச்சுடுங்க ஹாஜி, அவசரம்."

ஹிக்மத் பதினான்கைப் போட்டார். கேள்வி வந்து நின்றது. டிஸ்க் முக்கால்வாசி நிரம்பியிருப்பதாகத் திரை காட்டியது.

"உள்ள என்ன இருக்கு?" என்றார் ஹிக்மத்.

"அதான் ஒண்ணுமில்லன்னு சொன்னேனே."

"நான் கரிதான்னு சொன்னப்ப நீயும் நம்பல இல்ல."

தலைக்குமேல் மின்விசிறி ஒருமுறை தயங்கிவிட்டு மறுபடி சுற்றியது. அப்படித் தயங்கினால் கரண்ட் போகப்போகிறது என்று தெருவில் எல்லோருக்கும் தெரியும். ஹிக்மத்தின் விரல் பழக்கத்தில் 'சரி' பொத்தான்வரை போயிற்று. திரும்பி வந்தது. அவர் மடிக்கணினியைச் சுழற்றிக் கஹ்தான் பக்கம் வைத்தார். நாற்காலியைப் பின்னால் தள்ளினார். சாவடியில் காரைவிட்டு இறங்கி நிற்பதுபோலவே இரண்டு கைகளையும் தூக்கித் தலைக்குப் பின்னால் கோத்துக்கொண்டு, காத்திருந்தார்.